அக்கி போன பிறகு

அந்தச் சொல்லை எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதன் அர்த்தமும் தெரியாது. தெரியாமலேயே பிழையில்லாமல் அடித்துக்கொண்டிருந்தேன்.

காரைக்கால் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பலகை மாட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததையெல்லாம் ஒரு கருவியில் பேசி வைப்பார். அந்தக் குரல் கடல் தாண்டி எங்கள் ஹெட்போனுக்கு வரும். நாங்கள் அதைக் கேட்டு டைப் அடித்து அனுப்ப வேண்டும். காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு பெடல் உண்டு. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். டாக்டர்களைக் காலால் அடக்கியவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் பெருமை பேசுவேன்.

சொல்லைச் சொல்லவில்லையே. சீக்வெலா. ஒன்றுக்கு மேல் இருந்தால் சீக்வெலீ. 'நோயாளி சீக்வெலா ஏதுமின்றிக் குணமடைந்தார்' என்று முக்கால்வாசி டாக்டர்கள் பேச்சை முடிப்பார்கள். இந்த வாக்கியம் அடிக்கடி வந்ததால் அதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். மூன்று எழுத்தைத் தட்டினால் முழு வாக்கியமும் திரையில் வந்து விழும். ரொம்ப நாள் அது ஏதோ மாத்திரையின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாத்திரையே போடாமல் இத்தனை பேர் குணமாகிறார்களே, அமெரிக்காக்காரன் உடம்பு உடம்புதான் என்று வியந்திருக்கிறேன். ஒரு நாள் எங்கள் வேலையைத் திருத்துகிற சாரிடம் அர்த்தம் கேட்டேன்.

"அர்த்தம் டாக்டருக்குத் தெரியும்மா. நீங்க எழுத்த மட்டும் பாருங்க. அர்த்தம் பாத்துக்கிட்டு உக்காந்தா ஸ்பீடு போயிடும்" என்றார்.

சரிதான் என்று விட்டுவிட்டேன். எனக்கு ஸ்பீடு முக்கியம்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிக் கோட்டுச்சேரியில் இருந்தேன். கீழவாஞ்சூரில் துறைமுகம் வந்த புதிது. என் வீட்டுக்காரருக்கு அங்கே லாரிகளை எடை போடுகிற இடத்தில் வேலை. காலையில் வெள்ளைச் சட்டையோடு போய், சாயங்காலம் நிலக்கரித் தூசியோடு திரும்புவார். அம்மா வீடு விழிதியூரில். கர்ப்பமாகி அஞ்சாம் மாசம் நடக்கும்போது அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"அம்மாவுக்கு அக்கி வந்திருக்கு பாப்பா. நீ இந்தப் பக்கம் வந்துடாத."

முதுகில் இடது பக்கம், தோள்பட்டைக்குக் கீழே ஆரம்பித்து விலா வரைக்கும் பட்டையாகச் சிவந்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளம். அக்கி வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் டாக்டரிடம் போவதில்லை. எழுதுவார்கள். மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டிலிருந்து ஒரு அக்கா வருவார். காவிக்கல்லை இழைத்துக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றிக் கோடு போட்டு, நடுவில் ஒரு சிங்கம் எழுதுவார். சிங்கத்தைப் பார்த்து அக்கி ஓடிவிடும் என்று கணக்கு. மூன்று நாள் எழுதுவதோடு அவர் வேலை முடிந்தது. அதுவரை அந்த இடத்தில் தண்ணீர் படக் கூடாது, காவி தானாக உதிர வேண்டும், பத்தியச் சாப்பாடு. முக்கியமாகக் கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

தலைகாட்டாதே என்றால் நான் கேட்கிற ஆளா? அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். கேட்டைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மாவின் சத்தம் வந்தது.

"அங்கயே நில்லுடி! ஒரு அடி எடுத்து வச்சே, பாத்துக்க!"

அப்பா தென்னை நிழலில் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். மோர் கொடுத்தார். அம்மா ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றாள். பாதி முகம்தான் தெரிந்தது.

"புள்ள அசையுதா?"

"அசையுது."

"பொடவைய இறுக்கிக் கட்டாத. இப்ப எழுந்து போ. காத்து இங்கேருந்து அங்கதான் அடிக்குது."

சொந்த அம்மாவோடு கைதியைப் பார்க்க வந்தவள் மாதிரி கம்பி வழியாகப் பேசிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தேதான் வரும். வீட்டுக்காரர் பாவம், எதற்குச் சமாதானம் சொல்வது என்று தெரியாமல் டிக்கெட்டையே மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இது பத்து நாள் கூத்து, பிறகு சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் வாரங்கள் போயும் அம்மாவுக்கு எரிச்சல் அடங்கவில்லை. காய்ச்சிய எண்ணெயை முதுகில் ஊற்றியது போல இருக்கிறது என்றாள். புடவைத் தலைப்பு பட்டால் துடித்தாள். மின்விசிறிக் காற்று பட்டால்கூட ஆகாது. ரவிக்கை போட முடியாமல் அப்பாவின் பழைய சட்டையைத் திருப்பி, பித்தான் பக்கம் முதுகில் வருகிற மாதிரி போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். எரிகிறது என்றால் அக்கி இன்னும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அம்மா மறுபடி எழுதச் சொன்னாள். வேளார் வீட்டு அக்கா மூன்று நாளுக்கு மேல் எழுதுகிற வழக்கம் இல்லை என்று கைவிரித்துவிட்டார். அம்மா விடவில்லை. ஒரு காவிக் கட்டியை வாங்கிவரச் சொல்லி, இறகை அப்பா கையில் கொடுத்துவிட்டாள்.

அப்பா வரப்பு வெட்டச் சொன்னால் நூல் பிடித்தது போல வெட்டுவார். சிங்கம் எழுதத் தெரியுமா? அதுவும் கண்ணாடி போடாமல். எட்டத்தில் நிற்கிற கொக்கை எண்ணுவார், கிட்டத்தில் இருக்கிற எழுத்து தெரியாது. தினமும் காலையில் நடந்த கூத்தைப் போனில் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்.

"வால் போட்டீங்களா?"

"போட்டாச்சு."

"பிடரி?"

"எல்லாம் போட்டாச்சு, அசையாம இரு."

நேற்றைய சிங்கத்தின் மேலேயே இன்றைய சிங்கம். தண்ணீர் படக் கூடாது என்பதால் எதையும் கழுவுவதும் இல்லை. அந்த முதுகு ஒரு மிருகக்காட்சி சாலையாக ஆகியிருந்தது.

சிரிப்பெல்லாம் ஏழாம் மாசம் வரைக்கும்தான். எங்களில் தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு. பெண்ணின் அம்மா வளையலும் கட்டுச்சாதமும் கொண்டுவந்து, மகள் கையில் வளையல் போட்டு, தன் வீட்டுக்கு அழைத்துப் போவாள். தேதி குறிக்க மாமியார் போன் செய்தபோது அம்மா சொல்லிவிட்டாளாம்: "நீங்களே போட்டு விட்டுடுங்க சம்பந்தி. பிரசவமும் அங்கயே இருக்கட்டும். என் ஒடம்புல இது இருக்கிற வரைக்கும் நான் அவளத் தொட மாட்டேன், பொறக்கிற புள்ளையையும் தொட மாட்டேன்."

மாமியார் நல்ல மனுஷி. பெரியவர்கள் சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைக்கிற ரகம். "சம்பந்தியே சொல்றப்ப நாம என்னம்மா செய்யறது" என்றார். அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"அம்மா இல்லாத பொண்ணுக்குக்கூட சித்தி, பெரியம்மான்னு யாராவது வருவாங்க. நீ குத்துக்கல்லாட்டம் இருந்துகிட்டு வரமாட்டேங்கிறியே!"

"வயித்துல இருக்கிறதுக்கு ஒட்டிக்கிட்டா நீயா அனுபவிப்ப? அதுதான் அனுபவிக்கும்" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள். அவள் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது. பிடிவாதம் என்றால் சண்டை போட்டு ஜெயிக்கலாம். பயத்தோடு என்ன சண்டை போடுவது?

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, ஆபீஸில் ஒரு டாக்டரை மிதித்துக்கொண்டிருந்தேன். நிதானமாகப் பேசுகிற பெண் டாக்டர். நோயாளி வயதான அம்மா. முதுகில் இடது பக்கம் எரிச்சல். துணி பட்டால் தாங்க முடியவில்லை. மாதங்களுக்கு முன் அந்த இடத்தில் கொப்புளம் வந்து ஆறியிருக்கிறது. அவர் அந்தக் கொப்புளத்துக்குச் சொன்ன இங்கிலீஷ் பெயரும் எனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த பெயர்தான், ஆனால் அது நம் அக்கி என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. கடைசியில் அவர் சொன்னார்: நோய் இப்போது இல்லை. இந்த வலி அதன் சீக்வெலா.

காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டேன். எங்கோ இருக்கிற ஒரு அம்மா அவர் டாக்டரிடம் சொன்னதை என் அம்மா எனக்கு விழிதியூரிலிருந்து போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் இரண்டையும் கேட்டுக்கொண்டு, நடுவில் ஜடம் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

ஆபீஸ் அலமாரியில் முதுகு கிழிந்த ஒரு மருத்துவ அகராதி உண்டு. எழுத்து சந்தேகத்துக்குத்தான் அதை எடுப்போம். அன்றைக்கு முதல் முறையாக அர்த்தத்துக்காகத் திறந்தேன். ஒரு நோயோ காயமோ போன பிறகு, அதைத் தொடர்ந்து வந்து உடம்பில் தங்குகிற நிலை என்று போட்டிருந்தது. தொடர்ந்து வருவது என்ற பழைய லத்தீன் வார்த்தையிலிருந்து வந்ததாம். மருந்தால் வருகிற பக்கவிளைவு வேறு. நோய் இருக்கும்போதே கூடச் சேர்ந்து வருகிற சிக்கல் வேறு. போன நோய் திரும்பி வருவது வேறு. இது எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்தவர் போய்விட்டார், அவர் போட்டுவிட்டுப் போனது கிடக்கிறது, அவ்வளவுதான். பின்விளைவு என்று நாமும் சொல்கிறோம், ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

யோசித்துப் பார்த்தால் சுற்றிலும் அதுதான் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பழம் விற்பவர் இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய காலோடு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் போலியோ இருக்கிறது என்று எல்லோரும் சொல்வோம். போலியோ அவர் குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டது, கால்தான் இருக்கிறது. என் நெற்றியில் ஒரு அம்மைத் தழும்பு இருக்கிறது. எனக்கு அம்மை இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

சார் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஃபைல் நிக்குது?" என்றார். "அர்த்தம் பாத்துக்கிட்டு இருக்கேன் சார்" என்றேன். அவர் தன் சீட்டுக்குத் திரும்பிப் போனார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

அகராதியை வைத்து அம்மாவை நம்பவைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அந்த மாதப் பரிசோதனைக்குப் போனபோது என்னைப் பார்க்கிற டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவர் முதலில் என்னைத்தான் கேட்டார்.

"உங்களுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா?"

நெற்றித் தழும்பைக் காட்டினேன்.

"அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. அந்த அம்மைக் கிருமிதான் சில பேருக்கு நரம்புல தூங்கிக் கெடந்து, வயசான காலத்துல அக்கியா வருது. உங்களுக்கு ஏற்கனவே வந்து போனதால எதிர்ப்பு இருக்கு. அதோட கொப்புளம் காஞ்சு தோல் மூடிடுச்சுன்னா யாருக்குமே ஒட்டாது. அம்மாவுக்குத் தோல் மூடிடுச்சா?"

"யாருக்கும் தெரியாது டாக்டர். மேல சிங்கமா இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். தமிழ்நாட்டிலோ காரைக்காலிலோ டாக்டராக இருப்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"அப்ப இப்ப இருக்கிற வலி சீக்வெலாங்களா?" என்று கேட்டேன்.

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம். டாக்டர். டைப் அடிக்கிறேன்."

"ஆமா, அதேதான். அம்மாவ அழைச்சுட்டு வாங்க. நரம்பு வலிக்குன்னு தனியா மாத்திரை இருக்கு. கொஞ்ச மாசம் ஆகும், ஆனா பெரும்பாலும் கொறஞ்சுடும். சும்மா பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதில்ல."

ஞாயிற்றுக்கிழமை விழிதியூருக்குப் போனேன். இந்தத் தடவை கேட்டில் நிற்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து கத்தினாள், அப்பா கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். ஏழு மாச வயிற்றோடு வருகிறவளை யார் பிடித்துத் தள்ள முடியும்? நேராகக் கூடத்துக்குப் போய், அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவள் சுவரோரம் ஒண்டிக்கொண்டாள். திருப்பிப் போட்ட சட்டையில் அவள் பாதியாக இளைத்திருந்தாள். பார்த்ததும் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"எனக்கு அம்மை போட்டப்ப நீ எங்க படுத்திருந்த?" என்றேன்.

"ஒன் பக்கத்துலதான். வேற எங்க?"

"உனக்கு ஒட்டிக்கும்னு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க. புள்ளைய விட்டுட்டுப் போயிடுவாங்களா?"

"அதேதான் நானும் கேக்கறேன்."

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். முதுகைக் கழுவிப் பார்க்க வேண்டும் என்றேன். அம்மா முடியவே முடியாது என்றாள். "எரியுது, எரியுதுங்கிறேன், தண்ணிய ஊத்தறேங்கிறியே. உள்ள ரணமா இருக்கும்டி."

"யாரு பாத்தா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். "காவியில என்னத்தம்மா தெரியும்?" என்றார். அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் ஒன்று விளங்கியது. இத்தனை நாளாக அந்த முதுகை யாருமே பார்க்கவில்லை. சிங்கத்தைத்தான் பார்த்திருக்கிறோம்.

அப்பா வெந்நீர் வைத்து ஆற்றிக் கொண்டுவந்தார். பழைய வேட்டித் துணியைக் கிழித்து நனைத்து, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தேன். துணி படும்போதெல்லாம் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டில் காலை இறுக்கிப் பிடித்தாள். தொடாதே என்று மட்டும் சொல்லவில்லை. வலி பொய்யில்லை என்பதை என் கையே பார்த்தது. தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகிக்கொண்டே வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்ற சிங்கங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நடுவில் அப்பா எழுதிய ஒரு சிங்கத்துக்குப் பிடரி இல்லை, கொம்புதான் இருந்தது. "இது ஆடுல்ல?" என்றேன். அப்பா வெளியே போய்விட்டார்.

அடியில் ரணம் இல்லை. கொப்புளம் இல்லை. கருத்த திட்டுகள் மட்டும், ஆறி அடங்கிய தோலில். பீரோவில் பதித்திருந்த கண்ணாடிக்கு முதுகு காட்டி அம்மாவை நிற்க வைத்து, அப்பா முகச்சவரம் செய்கிற கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். அம்மா கண்ணாடியைச் சாய்த்தும் தூக்கியும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுவா என் முதுகு?"

"இதுதான்."

"அப்பறம் ஏன்டி எரியுது?"

"அதுக்கு ஒரு பேர் இருக்கும்மா" என்று சொல்லைச் சொன்னேன்.

"பேர் இருந்தா வியாதிதானே?"

நல்ல கேள்வி. அகராதிக்காரன் பதில் சொல்லியிருப்பானா தெரியாது. "வியாதிக்கு இருக்கிற பேர் இல்ல. வியாதி போனதுக்கு அப்பறம் அது விட்டுட்டுப் போனதுக்கு இருக்கிற பேர்" என்றேன்.

அம்மா கண்ணாடியைக் கட்டிலில் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "சுனாமில நம்ம கடலோரத்து குத்தகை நெலத்துல தண்ணி ஏறிச்சே. கடல் அன்னைக்கே திரும்பிப் போயிடுச்சு. ஆனா உப்பு நின்னுச்சு. அது மாதிரியா?"

வருஷக்கணக்கில் அந்தச் சொல்லை அடித்தவள் நான், அதற்கு ஒரு நிலத்தைக் காட்டியது அவள். தலையை ஆட்டினேன்.

"ரெண்டு போகம் பாழாப் போச்சே அப்ப" என்றாள் அம்மா, முகம் வாடி.

"தக்கப்பூண்டு வெதச்சு மடக்கி உழுதோம், மழத் தண்ணிய நிறுத்தி நிறுத்தி வடிச்சோம். மூணாவது போகம் வெளஞ்சுதுல்ல?" என்றார் அப்பா, வாசலிலிருந்தே. ஆடு என்று நான் சொன்ன கோபம் போய்விட்டிருந்தது.

அம்மா டாக்டரிடம் வந்தாள். மாத்திரை சாப்பிட்டதும் மந்திரம் போட்டது போல் மறைந்துவிடவில்லை. முதலில் ராத்திரி தூக்கம் வந்தது. பிறகு சட்டைக்குப் பதில் பழைய மெல்லிய ரவிக்கை போட முடிந்தது, இடது பக்கத் தையலைப் பிரித்துவிட்டு. இறகையும் மிச்சக் காவியையும் அம்மாவே எடுத்துப் போய்த் தென்னை மரத்தடியில் போட்டாளாம்.

வளைகாப்புக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். சீட்டில் சாயாமல், விழிதியூரிலிருந்து கோட்டுச்சேரி வரைக்கும் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்திருக்கிறாள். அப்பா கட்டுச்சாதத் தூக்குகளை இறக்கினார். வந்திருந்த பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொள்ள வர, நான் மணையிலிருந்தே, "முதுகத் தொடாதீங்க, முதுகத் தொடாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். அதுவே வினையாகிவிட்டது. யாரோ, "அக்கியாமே? மாசமா இருக்கிற பொண்ணுகிட்ட வரலாமா?" என்று முணுமுணுத்தார்கள். அம்மாவின் கால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. வளையல் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டப் போனாள்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாமியார் பேசினார். "அக்கி போயி எவ்வளவோ நாளாச்சு. வலி மட்டும் நிக்குது. வலி யாருக்கும் ஒட்டாது. வாங்க சம்பந்தி, மொதல் வளையல் நீங்கதான் போடணும்."

நான் வீட்டில் பத்து நாளாகப் புலம்பியதையெல்லாம் அந்த மனுஷி காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அம்மா வந்து என் கன்னத்தில் சந்தனம் பூசினாள். அக்கி வந்த பிறகு அவளாக என்னைத் தொட்டது அப்போதுதான். பச்சை வளையலை என் கையில் ஏற்றும்போது, "வலிக்குதாடி?" என்று கேட்டாள். முதுகில் நெருப்பை வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறாள். இல்லை என்றேன். அன்றைக்கே என்னை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெண் பிறந்தாள். நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "பாட்டி யாரு, வாங்கிக்கங்க" என்றார். பெரும்பாலும் எல்லோரும் குழந்தையை இடது தோளில்தான் சாய்த்துக்கொள்வார்கள். அம்மாவும் என்னை அப்படித்தான் தூக்கியிருப்பாள். நர்ஸம்மா அந்தப் பக்கமாகவே நீட்டினார். அம்மா ஒரு கணம் பின்வாங்கினாள். திரும்ப அந்தப் பயம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். ஆனால் அவள் உடம்பைத் திருப்பி, வலது தோளைக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் குடுங்கம்மா. அந்தப் பக்கம் புள்ள கை பட்டா நான் கத்திடுவேன், பயந்துடும்."

அப்படியே வலது தோளிலேயே என் மகள் வளர்ந்தாள். அம்மாவின் வலது தோளில்தான் தூங்கினாள், வலது இடுப்பில்தான் சோறு தின்றாள், வலது கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினாள். எரிச்சல் எப்போது போயிற்று என்று யாரும் கவனிக்கவில்லை. நடக்கிற வயதில் ஒரு நாள் அவள் பின்னாலிருந்து ஓடிவந்து பாட்டி முதுகின் இடது பக்கம் ஓங்கி அறைந்தாள். நான் பதறி எழுந்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியபோது அந்த மூன்று எழுத்துக் குறுக்குவழியை எடுத்துவிட்டேன். சீக்வெலா ஏதுமின்றி என்று யாராவது சொன்னால், முழுசாக ஒவ்வொரு எழுத்தாக அடிப்பேன். எங்கோ ஒரு வீட்டில் ஒரு அம்மா சாய்ந்து உட்காருகிறாள் என்று அர்த்தம், அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம். ஸ்பீடு கொஞ்சம் குறைந்தது. சாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மகள் இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். விழிதியூருக்குப் போனால் இன்னும் பாட்டிக்கு வலது பக்கம் போய்த்தான் ஒட்டிக்கொண்டு உட்காருவாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. வலி போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, இது மட்டும் தங்கிவிட்டது. எல்லா சீக்வெலாவும் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவள்தான் நான், இதைத் தவிர.

"இந்தப் பக்கமும் வாயேன்டி, இப்பத்தான் வலிக்கலயே" என்று அம்மா இடது கையை நீட்டிக் கூப்பிடுகிறாள். மகள் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை.